நாலு போட்டுவிட்டுப் போகிறவர்கள்

எம்.பி.ஏ. கடைசி செமஸ்டர் வந்துவிட்டால் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து ஆலை வாசல்களில் ஃபைலும் கையுமாக நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம். புராஜெக்ட் பண்ணியாக வேண்டும். சித்தப்பாவுக்குத் தெரிந்தவர், மாமாவுக்குத் தெரிந்தவர் என்று யாரையாவது பிடித்து, கல்லூரிக் கடிதத்தைக் கொடுத்து, எச்.ஆர். மேலாளரிடம் அனுமதி வாங்கி உள்ளே போவார்கள். தலைப்பில் பெரிய வித்தியாசம் இருக்காது. இன்ன நிறுவனத்தில் ஊழியர்களின் பணித்திருப்தி, இல்லாவிட்டால் பணிச்சூழல் குறித்த ஊழியர் கருத்து. முப்பது நாற்பது வாசகங்கள் அச்சடித்த வினாத்தாள். ஒவ்வொரு வாசகத்துக்கும் எதிரே ஐந்து கட்டங்கள், 'முற்றிலும் உடன்படுகிறேன்' தொடங்கி 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை. நூறு தாள் நிரம்பியதும் சதவீதம் போட்டு, வட்டப்படம் வரைந்து, கை ஸ்கொயர் சோதனை செய்து, தங்க எழுத்து அட்டையில் பைண்டு பண்ணி ஒப்படைப்பார்கள். கடைசி அத்தியாயம் பரிந்துரைகள். கேன்டீன் உணவின் தரத்தை உயர்த்தலாம். ஊழியர் குறைகளை அவ்வப்போது கேட்டறியலாம். அந்தப் பிரதியை ஆலையில் யாரும் படிப்பதில்லை. வைவா அன்று கல்லூரியில் ஒருவர் புரட்டிப் பார்ப்பார்.

இந்தச் சடங்கைக் கேலி செய்வது சுலபம். ஆனால் பெரிய கம்பெனிகள் ஆலோசனை நிறுவனங்களுக்கு லட்சக்கணக்கில் கொடுத்துக் கணினித் திரையில் நடத்தும் ஆண்டுக் கருத்துக்கணிப்பும் இதற்கு உடன்பிறப்புதான். அங்கே அதற்கு என்கேஜ்மென்ட் சர்வே என்று பெயர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் பல்ஸ் சர்வே. கட்டங்கள் அதே ஐந்து. வேலை செய்கிறவர் தன் வேலையிடத்தை எப்படி உணர்கிறார் என்பதை எண்ணாக்க முடியுமா என்ற கேள்விக்கு, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக உலகம் முடியும் என்றே பதில் சொல்லிவருகிறது. எனக்கும் அதில் மறுப்பில்லை. எண்ணாக்கிய பிறகு அந்தத் தாள் யார் கைக்குப் போகிறது என்பதில்தான் என் சந்தேகமெல்லாம்.

ஒரு நூற்பாலையின் கேன்டீனில் இந்தத் தாள் நிரப்பப்படுவதை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஷிப்டு முடிந்து வந்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். முடியிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசி. மாணவன் ஆளுக்கொரு தாளை நீட்டினான். எச்.ஆர். அலுவலகத்துப் பையன் ஒருவன் உதவிக்கு என்று கூடவே நின்றான். ரிங் ஃப்ரேம் எனும் நூற்பு இயந்திரத்தில் சைடராக வேலை பார்க்கும் ஓர் அம்மா தாளை வாங்கி, கண்ணுக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, இதுல எதுக்குங் டிக் போடோணும்?"

"உங்களுக்கு எது சரின்னு படுதோ அதுக்குப் போடுங்கக்கா."

"பேரு எழுதோணுங்களா?"

"வேண்டாங்கக்கா. டிபார்ட்மென்ட், வயசு, எத்தனை வருஷம் சர்வீஸ், அது போதும்."

அந்த அம்மா எச்.ஆர். பையனை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரின் தாளை எட்டிப் பார்த்தார். பிறகு வாசகங்களைப் படிக்காமல் ஒரே வரிசையில் மேலிருந்து கீழே இறங்கினார். எல்லாம் 'உடன்படுகிறேன்', மதிப்பெண் கணக்கில் நாலு. மேலதிகாரிகள் என் கருத்துக்கு மதிப்புக் கொடுக்கிறார்கள்: நாலு. ஓய்வறை வசதி போதுமானதாக உள்ளது: நாலு. நடுவில் ஒரு தலைகீழ் வாசகம் இருந்தது. படிக்காமல் டிக் போடுகிறவர்களைக் கண்டுபிடிப்பதற்காக வினாத்தாள் தயாரிப்பவர்கள் இப்படி ஒன்றிரண்டை ஒளித்துவைப்பது வழக்கம். இந்த வேலையை விட்டுப் போய்விடலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றுகிறது: அதற்கும் நாலு. புள்ளியியல் பாடப்படி அந்தத் தாள் செல்லாது. எனக்கென்னவோ அந்த ஒரு டிக் மட்டும் உண்மையாக இருக்கலாம் என்று தோன்றியது.

ஏன் நாலு? அஞ்சு போட்டால் ஜால்ரா என்று பக்கத்தில் இருப்பவர் சிரிப்பார். மூன்று போட்டால் என்ன யோசனை என்று யாராவது கேட்கலாம். இரண்டு போட்டால் கேட்டே தீருவார்கள். நாலு யார் கண்ணையும் உறுத்தாது. மாமியார் பக்கத்தில் நிற்கும்போது, பார்க்க வந்த அப்பா 'இங்க சௌகரியமா இருக்கியாம்மா?' என்று கேட்டால் மகள் சொல்லும் பதில் அது. அப்பாவுக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும், மாமியாருக்கும் தெரியும். பெயர் வேண்டாம் என்ற சலுகையும் அங்கே செல்லுபடியாகவில்லை. ரிங் ஃப்ரேமில் இந்த வயதில் இத்தனை வருடம் சர்வீஸ் உள்ள பெண் அந்த ஆலையில் ஒருவர்தான் இருப்பார். மூன்று விவரங்களைச் சேர்த்தால் பெயர் தானாக வந்துவிடுகிறது. ஒழுங்காகக் கருத்துக்கணிப்பு நடத்துபவர்கள் ஐந்து பேருக்கோ பத்துப் பேருக்கோ குறைவான குழுவின் முடிவைத் தனியே காட்டுவதில்லை என்று விதி வைத்திருக்கிறார்கள். அந்த விதி தாள் வைத்திருப்பவருக்குத் தெரியும். டிக் போடுகிறவருக்குத் தெரியாது.

இந்த ஐந்து கட்டங்களுக்குத் தகப்பன் ஒருவர் உண்டு. ரென்சிஸ் லிக்கர்ட், அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் 1903இல் பிறந்தவர். பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது யூனியன் பசிஃபிக் ரயில்வேயில் பயிற்சிக்குப் போனார். 1922இன் பெரிய ரயில்வே வேலைநிறுத்தத்தை உள்ளே இருந்து பார்த்தார். நிர்வாகத்துக்கும் தொழிலாளிக்கும் நடுவே பேச்சே இல்லாமல் போயிருந்தது அவர் மனதில் ஆழமாகப் பதிந்தது என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பொறியியலை விட்டு மனித உறவுகளின் பக்கம் வந்தார். 1932இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்காக அவர் செய்த ஆய்வில்தான் இந்த அளவுகோல் பிறந்தது. அப்போது அவர் அளந்தது ஆலைகளை அல்ல, கல்லூரி மாணவர்களை. இன உறவு, பன்னாட்டு உறவு, ஏகாதிபத்தியம் ஆகியவை பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பார்த்தார். ஒற்றை வாசகத்துக்குக் கிடைக்கும் பதிலில் பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரே பொருள் பற்றிய பல வாசகங்களின் பதில்களைக் கூட்டினால் ஒரு மனச்சாய்வு தெரியும் என்பதுதான் அவர் கண்டது. எளிமையான யோசனை, அதனாலேயே உலகம் முழுவதும் பரவியது.

கட்டங்கள் வருவதற்கு முன்பே வேறொரு வழி முயன்று பார்க்கப்பட்டிருந்தது. சிகாகோவுக்கு அருகில் சிசரோ என்ற ஊரில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலை இருந்தது. டெலிபோன் கருவிகள் செய்யும் பிரம்மாண்டமான ஆலை. வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று 1924இல் தொடங்கிய சோதனைகள் பாடப்புத்தகங்களில் இருக்கின்றன. பாடப்புத்தகம் சுருக்கமாகக் கடந்துபோகும் பகுதி ஒன்று உண்டு. 1928இலிருந்து 1930வரை அந்த ஆலையில் 21,000க்கும் மேற்பட்ட ஊழியர்களைத் தனித்தனியாக உட்காரவைத்துப் பேட்டி கண்டார்கள். முதலில் கையில் கேள்விப் பட்டியல் இருந்தது. வேலை எப்படி, மேற்பார்வையாளர் எப்படி, வசதிகள் எப்படி. ஆட்கள் பட்டியலில் நிற்கவில்லை. மேற்பார்வையாளரைப் பற்றிக் கேட்டால் வீட்டுக் கடனைப் பற்றியும் அம்மாவின் நோயைப் பற்றியும் பேசினார்கள். 1929இல் பட்டியலைத் தூக்கிப் போட்டார்கள். ஆள் எதைப் பேச விரும்புகிறாரோ அதைப் பேசட்டும். பேட்டி காண்பவர் குறுக்கிடக் கூடாது, வாதாடக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. அரை மணி நேரத்தில் முடிந்த பேட்டி ஒன்றரை மணி நேரம் நீண்டது.

அங்கே நடந்த ஒரு விஷயம் வேடிக்கையானது. கேன்டீன் சாப்பாட்டைப் பற்றி வெகுநேரம் குறைசொன்ன ஒருவர், பிற்பாடு பேட்டி கண்டவரைப் பார்த்து, இப்போது சாப்பாடு நன்றாகிவிட்டது என்று நன்றி சொன்னாராம். சாப்பாட்டில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை. அந்த ஆய்வுகளில் ஈடுபட்ட எல்டன் மேயோவும் அவரைப் பின்பற்றியவர்களும் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்: குறையைக் கொட்டித் தீர்ப்பதே பாதி நிவாரணம். மனத்தளவில் இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நிர்வாகத்துக்கு இதைவிட வசதியான கண்டுபிடிப்பு கிடைக்குமா? 1936இல் அதே ஆலையில் ஆலோசகர்களை நியமித்தார்கள். தொழிலாளியின் குறையைப் பொறுமையாகக் கேட்பது அவர்கள் வேலை. அதைத் தீர்த்துவைக்க அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. ஏறத்தாழ 20 ஆண்டுகள் இந்த ஏற்பாடு நடந்தது. இதற்கெல்லாம் முன்னோடியாக அதே ஆலையில் சில பெண்களைத் தனியே வைத்து, ரிலே என்ற டெலிபோன் பாகத்தைப் பூட்டவைத்துப் பார்த்த சோதனை அறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே பெண்கள் தாராளமாகப் பேசிக்கொண்டே வேலை செய்யலாம் என்று பெருமையாக எழுதப்பட்டிருக்கிறது. அவர்களில் இரண்டு பேரை, அளவுக்கு மீறிப் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று 1928 ஜனவரியில் மாற்றிவிட்டார்கள். சுதந்திரத்தை அளக்கும் அறையிலும் அதன் எல்லையை யாரோ ஒருவர்தான் போட்டிருந்தார்.

அடுத்து வந்த கதை இன்னும் வெளிப்படையானது. அமெரிக்காவின் அன்றைய பெரிய சில்லறை வணிக நிறுவனமான சியர்ஸ் ரோபக் 1930களின் கடைசியிலிருந்து தன் கடைகளில் ஊழியர் மனப்பான்மைக் கணிப்புகளை முறையாக நடத்தியது. எந்தக் கடையில் மனக்கசப்பு அதிகம் என்று அதில் தெரிந்துவிடும். மனக்கசப்பு அதிகமான கடையில்தான் தொழிற்சங்கம் முளைக்கும். சங்கம் வருவதற்கு முன்பே நிர்வாகம் அங்கே போய் நிற்கலாம். சில கடைகளில் உண்மையாகவே மேலாளரைத் திருத்தினார்கள், சம்பளத்தைச் சரிசெய்தார்கள். கருத்துக்கணிப்பு அங்கே இரண்டு வேலை செய்தது. குரலைக் கேட்டது, குரல் கூட்டுக் குரலாகச் சேர்வதற்கு முன்பு தனித்தனித் தாள்களாகப் பிரித்தும் வைத்தது. ரகசியமாக நிரப்பும் தாளில் இப்படி ஒரு குணம் உண்டு. என் பக்கத்தில் இருப்பவரும் இதையேதான் நினைக்கிறாரா என்பது எனக்குத் தெரியாது. அது தெரிந்தவர் ஒருவர்தான்: எல்லாத் தாள்களையும் சேர்த்துப் படிப்பவர்.

இந்தியாவுக்கு இந்தக் கலை தன் சொந்த வாத்தியார்களோடு வந்தது. 1970களின் நடுவில் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத்துக்காக மனிதவள மேம்பாட்டு அமைப்பை வடிவமைத்த உதய் பாரீக்கும் டி.வி. ராவும் அதன் முன்னோடிகள். வெளிப்படைத்தன்மை, நம்பிக்கை, முகத்துக்கு நேரே பிரச்சினையைப் பேசுதல், தன்னாட்சி போன்ற எட்டுக் குணங்களைக் கொண்டு ஒரு நிறுவனத்தின் உள்சூழலைப் பார்க்க வேண்டும் என்றார் பாரீக். ஜாம்ஷெட்பூரின் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. மையத்தில் ராவும் ஆபிரகாமும் உருவாக்கிய 38 வாசக வினாத்தாள் 1980களிலிருந்து வங்கி, பொதுத்துறை, ஆலை என்று எல்லா இடத்துக்கும் போய்வந்தது. இன்று நம்முடைய எம்.பி.ஏ. பிள்ளைகள் கையில் வைத்திருக்கும் தாள் பலவற்றுக்கு அது பாட்டனார். பெயர் அழிந்து, வாசகம் உருமாறி, ஜெராக்ஸின் ஜெராக்ஸாக வந்து சேர்ந்திருக்கிறது. பாரீக் முதலிடத்தில் வைத்த வெளிப்படைத்தன்மை, அந்தத் தாளை உண்மையாக நிரப்பவே தேவைப்படும் முதல் தகுதி.

மனசில் தோன்றுவதையெல்லாம் அளந்து என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்குப் பதில் இருக்கிறது. டோவ் ஸோஹர் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர் 1980இல் வெளியிட்ட ஆய்வில் 20 தொழிற்சாலைகளின் தொழிலாளர்களிடம், இங்கே நிர்வாகம் பாதுகாப்பை எவ்வளவு முக்கியமாக நினைக்கிறது என்று உங்களுக்குத் தோன்றுகிறது என்று கேட்டார். அவர்களுக்குத் தோன்றியதும், பாதுகாப்பு ஆய்வாளர்கள் நேரில் பார்த்து அந்த ஆலைகளுக்குக் கொடுத்த மதிப்பீடும் பெருமளவு ஒத்துப்போயின. சுவரில் 'பாதுகாப்பே முதலில்' என்று எழுதியிருப்பதைத் தொழிலாளி படிப்பதில்லை. உற்பத்தி பின்தங்கிய அன்று மேஸ்திரி இயந்திரத்தின் பாதுகாப்பு மூடியைக் கழற்றச் சொல்கிறாரா இல்லையா என்பதைப் படிக்கிறார். அந்தப் படிப்பு துல்லியமானது. அதனால் கேள்வி, தொழிலாளிக்குத் தெரியுமா என்பதல்ல. தெரிந்ததைச் சொல்வாரா என்பது.

இங்கேதான் ஏமி எட்மண்ட்சன் தடுக்கி விழுந்த விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1990களின் தொடக்கத்தில் அவர் ஆராய்ச்சி மாணவி. இரண்டு மருத்துவமனைகளின் எட்டு வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளைக் கணக்கெடுக்கும் ஆய்வில் சேர்ந்திருந்தார். நல்ல தலைமையும் நல்ல ஒற்றுமையும் உள்ள வார்டில் தவறுகள் குறைவாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. கருத்துக்கணிப்பையும் தவறுகளின் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல வார்டுகளில்தான் தவறு அதிகம். நன்றாகப் பழகும் செவிலியர்கள் அதிகமாகத் தவறு செய்கிறார்களா? இந்த முடிவுகளைப் பற்றி எதுவும் தெரியாத ஓர் உதவியாளரை வார்டு வார்டாக அனுப்பிப் பார்க்கச் சொன்னார்கள். அப்போது விஷயம் பிடிபட்டது. நல்ல வார்டில் தவறு நேர்ந்தால் செவிலியர் தலைமைச் செவிலியரிடம் போய்ச் சொல்கிறார். மற்ற வார்டில் தவறு நேர்ந்தால் அது அப்படியே அமுங்கிப் போகிறது. கணக்கில் ஏறியது நேர்ந்த தவறுகள் அல்ல, வெளியே சொல்லப்பட்ட தவறுகள். இது 1996இல் அச்சாயிற்று. மூன்று ஆண்டு கழித்து, மனதில் பட்டதைச் சொன்னால் இங்கே தலை போகாது என்று ஒரு குழு கூட்டாக நம்புவதை அளக்க ஏழு வாசகங்கள் கொண்ட அளவுகோலை அவர் வெளியிட்டார்.

இதை நம்முடைய தாளுக்குத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். எல்லாரும் நாலு போட்ட பிரிவு நிம்மதியாக இருக்கிறதா, பயந்துபோய் இருக்கிறதா? இரண்டும் மூன்றும் ஒன்றும் கலந்து கிடக்கும் பிரிவு கெட்டுப்போனதா, வாய் திறக்கத் துணிந்ததா? சராசரி இதைச் சொல்லாது. பத்துப் பேரும் மூன்று போட்டாலும் சராசரி மூன்று. ஐந்து பேர் ஒன்றும் ஐந்து பேர் அஞ்சும் போட்டாலும் மூன்று. முதலாவது ஓர் அலுவலகம், இரண்டாவது இரண்டு அலுவலகங்கள். அந்த இரண்டாவது அலுவலகம் எங்கே பிரிகிறது என்று தேடினால், ஆண் பெண் என்றோ, ஊர்க்காரர் வெளியூர்க்காரர் என்றோ, சாதி என்றோ கோடு தெரியும். சாதியைக் கேட்கும் கட்டம் பொதுவாக இந்த வினாத்தாள்களில் இருப்பதில்லை. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பது கேன்டீனுக்குப் போனால் தெரியும்.

தாளே கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். இந்தியத் தொழிற்சாலைகளில் ஐந்தில் இரண்டு பேருக்கு அருகில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்று அரசின் தொழிற்சாலைக் கணக்கெடுப்பே காட்டுகிறது. கம்பெனி ரோலில் இருப்பவருக்கு மின்னஞ்சலில் இணைப்பு வரும். கான்ட்ராக்டர் ரோலில் இருப்பவருக்கு மின்னஞ்சலே கிடையாது. ஒரே லைனில் ஒரே வேலையை வேறு நிறச் சட்டையில் செய்பவர், கணிப்பின் கண்ணுக்கு அங்கே இல்லை. சிறந்த பணியிடம் என்று வரவேற்பறையில் மாட்டியிருக்கும் சான்றிதழைத் துடைப்பவரும் அவராகவே இருக்கலாம்.

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது இதற்கு அருகில் வருகிறது. ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள், பெரும்பாலும் 18இலிருந்து 22 வயதுக்குள் இருப்பவர்கள், தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். மாதச் சம்பளம் சுமார் 10,500 ரூபாய். அதிலிருந்து விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் ஒப்பந்ததாரருக்குக் கட்ட வேண்டும். ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சேர்க்கப்பட்டவர்கள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று மற்றவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. 17ஆம் தேதி ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஓர் அறையில் முப்பது பேர்வரை தரையில் படுத்ததும், சில கழிப்பறைகளில் தண்ணீர் வராததும் அதன் பிறகுதான் செய்தித்தாளில் வந்தன. பொருள் வழங்குவோருக்கான நடத்தை விதிகளையும் தணிக்கை அறிக்கைகளையும் ஆண்டுதோறும் வெளியிடும் நிறுவனம் ஆப்பிள். சாலை மறியலுக்குப் பிறகு அனுப்பிய தணிக்கையாளர்கள்தான் சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஒத்துவரவில்லை என்று கண்டார்கள் என அந்நிறுவனம் சொன்னது. ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. அந்தப் பெண்களுக்குத் தம் வேலையிடத்தைப் பற்றிய கருத்து முதல் நாள் இரவு திடீரென்று உண்டாகவில்லை. அது போய்ச் சேர வேறு வழி இல்லாததால் நெடுஞ்சாலை வழியாகப் போனது.

பிரான்ஸில் இதே விஷயம் இன்னும் துலக்கமாக, இரண்டு வினாத்தாள்களாகவே நடந்தது. முன்பு அரசுத் துறையாக இருந்த பிரான்ஸ் டெலிகாம் 2006இல் மூன்றாண்டுத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. 22,000 பேரை வெளியே அனுப்ப வேண்டும். ஊழியர்களில் பெரும்பாலோர் அரசு ஊழியர் தகுதி உள்ளவர்கள். வேலையிலிருந்து நீக்க முடியாது. ஆகவே அவர்களாகவே போகும்படி செய்தார்கள். ஓயாத இடமாற்றம், திறமைக்குச் சம்பந்தமில்லாத வேலை, இலக்கு நெருக்கடி. 2007இல் இரண்டு தொழிற்சங்கங்கள் சேர்ந்து மன அழுத்தத்தையும் கட்டாய இடமாற்றத்தையும் கண்காணிக்கும் ஓர் அமைப்பை உருவாக்கி, இணையத்தில் வினாத்தாள் ஒன்றை வைத்தன. அலுவலகக் கணினிகளிலிருந்து அந்தத் தளத்தைத் திறக்க முடியாதபடி நிர்வாகம் தடுத்தது. அடுத்தடுத்துத் தற்கொலைகள் நடந்தன. தன் சாவுக்கு வேலைதான் காரணம் என்று எழுதிவைத்துவிட்டு இறந்தவரும் உண்டு. நாடே கொந்தளித்த பிறகு, 2009இல், நிர்வாகம் ஒரு வெளி நிறுவனத்தைக் கொண்டு தானே வினாத்தாள் அனுப்பியது. ஒரு லட்சம் ஊழியர்களில் ஏறத்தாழ 80,000 பேர் பதில் எழுதினார்கள்.

அந்த 80,000 என்ற எண்ணை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கருத்துக்கணிப்புக்கு ஆட்கள் பதில் போடுவதில்லை, ஆர்வம் இல்லை என்று அலுத்துக்கொள்ளும் மேலாளர்கள் அதைப் பார்க்க வேண்டும். இந்தத் தாளை இந்தமுறை யாரோ நிஜமாகப் படிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால் ஆட்கள் நாலு போட்டுவிட்டுப் போவதில்லை. பாரிஸ் நீதிமன்றம் 2019 டிசம்பரில் அந்த நிறுவனத்தையும், முன்னாள் தலைவர் தீதியே லொம்பாரையும், வேறு அதிகாரிகளையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. ஒரு தனிமனிதர் இன்னொருவரைத் துன்புறுத்தியதற்காக அல்ல. துன்புறுத்தலையே நிறுவனத்தின் கொள்கையாக நடத்தியதற்காக. நீதிபதிகள் ஆராய்ந்த 39 பேரின் விவரங்களில் 19 தற்கொலைகள். 2007இன் வினாத்தாளைத் தடுக்காமல் படித்திருந்தால் இதில் எத்தனை குறைந்திருக்கும் என்பதற்கு எந்த அளவுகோலும் இல்லை.

இப்படியெல்லாம் பார்த்துவிட்டு, அளப்பதே வீண் என்று முடித்துவிட எனக்கு மனமில்லை. அளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது தெரிந்ததுதான். அப்போது வேலையிடம் எப்படி இருக்கிறது என்பதை முதலாளியின் நெருங்கிய இரண்டு பேர் சொல்வார்கள். 'நம்ம பசங்கல்லாம் சந்தோஷமா இருக்காங்க சார்' என்று சொல்வதற்கு எந்த ஆலையிலும் ஓர் ஆள் இருப்பார். அந்த ஆளோடு ஒப்பிட்டால் ஐந்து கட்டம் எவ்வளவோ மேல்.

அளந்த பிறகு என்ன செய்வது என்பதற்கும் பழைய பதில் ஒன்று இருக்கிறது. இந்த அளவுகோலைச் செய்த வீட்டிலிருந்தே வந்த பதில். லிக்கர்ட் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1946இல் தொடங்கிய ஆய்வு மையத்தில் ஃபிளாய்ட் மேன் என்பவர் வேலை செய்தார். டெட்ராய்ட் எடிசன் மின் நிறுவனத்தில் 1948இல் சுமார் 8,000 ஊழியர்களிடம் கருத்துக்கணிப்பு நடத்தினார்கள். வழக்கமாக முடிவுகளை அறிக்கையாகக் கட்டி மேலே கொடுப்பதோடு வேலை முடிந்துவிடும். கணக்குப் பிரிவின் சில துறைகளில் மட்டும் வேறொன்று செய்தார்கள். ஒவ்வொரு மேலாளரும் தனக்குக் கீழ் வேலை செய்பவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் சொன்னதை அவர்கள் முன்னாலேயே விரித்துவைத்து, இது ஏன் இப்படி வந்திருக்கிறது, என்ன செய்யலாம் என்று பேச வேண்டும். மேலிருந்து அடிமட்டம் வரை படிப்படியாக இந்தக் கூட்டங்கள் நடந்தன. வேறு சில துறைகளில் ஒன்றும் செய்யவில்லை. பிற்பாடு மறுபடி அளந்தபோது, உட்கார்ந்து பேசிய துறைகளில் மாற்றம் தெரிந்தது. தன் தாளைத் தன்னிடமே திருப்பிக் கொண்டுவந்த இடத்தில்தான் தொழிலாளிக்குத் தான் ஒருவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை என்பதும் தெரியவரும். ரகசியத் தாள் தனித்தனியாகப் பிரித்துவைத்ததை அந்தக் கூட்டம் ஒன்றுசேர்க்கிறது.

அளவுகோலை உலகம் முழுவதும் எடுத்துக்கொண்டது. அதைச் செய்தவரின் கூட்டாளி அதே வீட்டிலிருந்து கண்ட இரண்டாம் பாதியை எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. அதற்குக் காரணம் செலவு என்று சொல்ல முடியாது. மென்பொருளுக்கும் ஆலோசகருக்கும் கொடுப்பதில் ஒரு சிறு பங்கு போதும். மேலாளர் ஒருவர் தன் கீழ் வேலை செய்பவர்கள் எதிரே உட்கார்ந்து, தனக்குக் கிடைத்த இரண்டுகளையும் ஒன்றுகளையும் அவர்கள் பார்க்கும்படி வாசித்து, பதில் சொல்ல வேண்டும். நிறுவனம் நடத்துபவர்களுக்கு உண்மையில் பயம் தருவது இதுதான். எண்ணைப் பார்த்து அவர்கள் பயப்படுவதில்லை. அதைப் போட்டவரின் முகத்துக்கு நேரே உட்கார்வதற்குத்தான் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் மேலே இருக்கும்வரை கீழே இருப்பவர்கள் நாலுதான் போடுவார்கள். அவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.